அலுமாரிக் கதவுக் கணக்கு

முருங்கைக்காய்க் குழம்பில் தொடங்கிய வழக்கு இது. சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு அக்கா குடும்பம் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தது. காலையிலேயே காலி வீதிக் கடைக்குப் போய், இரவோடிரவாக யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வந்திறங்கிய முருங்கைக்காயும் கத்தரிக்காயும் பொறுக்கி வாங்கி வந்திருந்தேன். சோறு பரிமாறியதும் என் வழக்கமான பிரசங்கம் தொடங்கியது. ஊரில் விளைந்ததை உண்ண வேண்டும். கண்காணாத தேசத்தில் விளைந்து கப்பலேறி வரும் பருப்பைத் தின்று தின்றுதான் நாங்கள் கெட்டுப்போனோம். அந்தப் பருப்பைக் கொண்டுவர எரிக்கும் எண்ணெய் எவ்வளவு தெரியுமா? பொறியியல் படிக்கும் அக்கா மகள் முருங்கைக்காயைச் சப்பியபடியே கேட்டாள்: "அப்படியென்றால் இந்த முருங்கைக்காய் யாழ்ப்பாணத்திலிருந்து நடந்தா வந்தது, மாமா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் நான் கணக்காளன். மற்றவர்களின் செலவுகளைப் பார்த்து "இதற்கு வவுச்சர் எங்கே?" என்று கேட்டே இருபது வருடமாகச் சம்பளம் வாங்குகிறவன். நானே ஒரு செலவை வவுச்சர் இல்லாமல் பதிந்து, அதை வருடக்கணக்காகச் சாப்பாட்டு மேசையில் வாசித்தும் வந்திருக்கிறேன் என்பது அன்றிரவு படுக்கையில் உறுத்தியது. மறுநாள் அலுவலகத்திலிருந்து ஒரு புதுக் கொப்பி எடுத்து வந்தேன். முதல் பக்கத்தில் "வரவு: உணவு. செலவு: எரிபொருள்" என்று எழுதிக் கோடு போட்டபோது, இது ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தேன்.

கப்பலும் லொறியும்தான் முதலில். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். லீற்றருக்கு நான்கு கிலோமீற்றர் ஓடும் லொறி நூறு லீற்றர் டீசல் குடிக்கும். ஒரு லீற்றர் டீசலில் 36 மெகாஜூல் சக்தி. எட்டு தொன் ஏற்றி வந்தால், கிலோ ஒன்றின் பங்கு அரை மெகாஜூலுக்குச் சற்றுக் குறைவு. நான் வாங்கும் கடையில் இருந்த பருப்புச் சாக்கில் அவுஸ்திரேலியா என்றிருந்தது. தென் அவுஸ்திரேலியக் கரையிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குக் கடல்வழி எட்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல். லொறியைப் போல இருபது மடங்கு தூரம். ஆனால் கப்பல் என்பது எடையைச் சுமப்பதில் மகா சிக்கனமான பிராணி. ஒரு தொன்னை ஒரு கிலோமீற்றர் நகர்த்த லொறிக்கு ஆகும் எரிபொருளில் சிறு பங்குதான் அதற்குத் தேவை. பருப்பு ஒரு கிலோவுக்கு ஒரு மெகாஜூலைச் சுற்றித்தான் வந்தது. இரண்டு மடங்கு, அவ்வளவுதான். அந்த ஒரு கிலோ பருப்பில் 3,500 கலோரி இருக்கிறது. ஒரு கிலோ முருங்கைக்காயில் சப்பித் துப்பியது போக இருநூறு கலோரி தேறினால் அதிகம். உண்ணும் சக்திக்கு இவ்வளவு என்று பிரித்தால் என் ஊர் முருங்கைக்காய் பல மடங்கால் தோற்றுப்போனது.

இதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. முருங்கைக்காயைக் கலோரிக்காக யார் தின்கிறார்கள் என்று ஒரு வாதமும் வைத்துப் பார்த்தேன். அது நியாயமான வாதம்தான், இப்போதும் அதை விடவில்லை. கலோரியை மட்டும் வைத்து அளந்தால் உலகத்தில் சீனியைத் தவிர வேறெதையும் பயிரிடக் கூடாது என்று முடிந்துவிடும். ஆனாலும் "கப்பலேறி வந்தது" என்பதை ஒரு குற்றப்பத்திரிகைபோல வாசித்து வந்தேனே, அதைக் கிழிக்கவேண்டியதாயிற்று.

போதாக்குறைக்கு, பருப்பு விளைவதற்கு முன்னாலுள்ள கணக்கு ஒன்றும் இருந்தது. வயலுக்கு வெளியே, விதைக்கு முன்பே எரியும் சக்தி அது. யூரியாவை எல்லோரும் உப்புப்போல ஏதோ ஒரு தூள் என்று நினைக்கிறோம். காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து, இயற்கை வாயுவிலிருந்து எடுத்த ஐதரசனோடு பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் சேர்த்து அமோனியாவாக்கி, அதிலிருந்து செய்வதுதான் யூரியா. ஒரு கிலோ யூரியா செய்ய 20 முதல் 30 மெகாஜூல் வரை ஆகும். அதாவது ஒவ்வொரு யூரியாச் சாக்கும் திண்மமாகிவிட்ட எரிவாயு. நெல்லுக்கு அது வேண்டும், கத்தரிக்கு வேண்டும், உருளைக்கிழங்குக்கு வேண்டும். பருப்புச் செடிக்கோ வேரிலேயே முடிச்சுகள் உண்டு. அங்கே குடியிருக்கும் பற்றீரியா காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. நான் சாப்பாட்டு மேசையில் திட்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரன் தன் உரத்தைத் தானே செய்துகொள்கிறவன்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, கொழும்பில் இருந்த எங்களுக்கு அது ஒரு செய்தி. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இல்லாமல் போனது. வடக்கில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு பழைய ஞாபகம் இருக்கிறது. தொண்ணூறுகளின் முதற் பாதியில், யுத்தகாலத் தடையால், வவுனியாவுக்கு வடக்கே யூரியா போகாது, டீசல் போகாது. என் அப்பா அப்போது திரும்பவும் குழை தாழ்த்தினார். பூவரசங் குழையும் கிடைத்த இலைதழையும் வெட்டிக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து, தோட்டத்தில் சாலெடுத்துப் புதைத்து மூடுவது. பதின்மூன்று வயதில் அந்தக் கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றித் தள்ளியவன் நான். அந்த வேலையின் அருமை தெரிந்தவன் எவனும் "இயற்கை விவசாயம்" என்ற சொல்லைப் புன்னகையோடு உச்சரிக்க மாட்டான்.

கதவில் பென்சில்

இவ்வளவும் எழுதி முடித்தபின் கொப்பி நிறைவாகத்தான் இருந்தது. விளைவதற்கு முன் இவ்வளவு, வழியில் இவ்வளவு, பேலியகொடை மானிங் சந்தையில் அழுகிக் கழிவது இவ்வளவு என்று மூன்று தலைப்பு. (அழுகல் கணக்கு சின்னதல்ல. இந்த நாட்டில் மரக்கறியும் பழமும் அறுவடைக்குப் பின் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாவதாகச் சொல்வார்கள். சாக்கில் அடைத்து, சாக்கின்மேல் ஆளும் ஏறி உட்கார்ந்து வந்தால் தக்காளி என்ன செய்யும்?) அக்கா மகளுக்குத் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி மாமா, அடுப்பு எங்கே?" என்றாள்.

அடுப்பு என் கணக்கில் இல்லை. கடையில் காசு கொடுத்ததோடு கணக்கை மூடியிருந்தேன்.

சமையலறையில் எவ்வளவு எரிவாயு போகிறது என்று மனைவியிடம் கேட்டேன். "ஒரு மாதம் வரும்" என்றார். ஒரு மாதம் என்பது என் தொழிலில் ஒரு விடையே அல்ல. சிலிண்டரின் வெற்று எடையைப் பார்ப்போம் என்று மேடைக்குக் கீழுள்ள அலுமாரிக் கதவைத் திறந்து, கைத்தொலைபேசி வெளிச்சத்தோடு தரையில் உட்கார்ந்தேன். சிலிண்டரின் கழுத்தைத் தேடிய வெளிச்சம் கதவின் உட்புறத்தில் விழுந்தது. வெள்ளை வர்ணம் பழுத்து மஞ்சளான அந்தப் பலகையில், பென்சிலால், மேலிருந்து கீழாக, எறும்பு வரிசைபோல் திகதிகள். 14/3. 16/4. 20/5. ஒரு நிரல் முடிந்து இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஆண்டு தை மாதத்தில் மட்டும் ஒரு தடவை எழுதப்பட்டிருந்தது. முதலாவது 2011, இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த ஆண்டு. எழுத்து அம்மாவுடையது. அவருடைய 4 எப்போதும் கவிழ்த்து வைத்த கதிரைபோல இருக்கும்.

அம்மா வந்து கதவருகே நின்றார். "புது சிலிண்டர் பூட்டுகிற நாளை எழுதி வைப்பேன் தம்பி, கடைக்காரன் குறைத்துத் தந்தால் தெரிய வேண்டுமே" என்றார். பதினான்கு ஆண்டு நான் இந்த வீட்டுக்காகச் சம்பாதித்துக்கொண்டு, மேடைக்கு மேலே தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கீழே ஒரு பேரேடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று இரவு பதினொரு மணிவரை அந்தத் திகதிகளைக் கொப்பியில் பெயர்த்து எழுதினேன். சாதாரண காலத்தில் ஒரு சிலிண்டர் 33 நாள் ஓடியிருக்கிறது. 2014 கடைசியில் மட்டும் 25, 24, 25. அது என் மகன் பிறந்த காலம். சுடுநீர், கொத்தமல்லி, பத்தியக் கறி, போத்தல் அவித்தல். 2016 நடுவில் திடீரென்று 47. ஆகா, சிக்கனம் என்று மகிழ்ந்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, அம்மா இரண்டு மாதம் ஊருக்குப் போயிருந்ததையும் நாங்கள் இருவரும் கடைக் கொத்து வாங்கி உண்டதையும் நினைவூட்டினார். எரிபொருள் மிச்சமாகவில்லை, கடைக்காரனின் அடுப்புக்கு இடம் மாறியிருந்தது. 2020 பங்குனியிலிருந்து ஊரடங்கு மாதங்களில் 26. எல்லோரும் மூன்று வேளையும் வீட்டில். அலுவலகத் தேநீரும் மதியச் சாப்பாடும் எவ்வளவு காஸ் எரித்தன என்று எந்த அலுவலகமும் எனக்குச் சொன்னதில்லை, அந்தக் கதவு சொன்னது.

33 நாளுக்கு 12.5 கிலோ. நாளுக்கு 380 கிராம். ஒரு கிலோ எரிவாயுவில் 46 மெகாஜூல் என்றால் நாளுக்குப் பதினேழரை மெகாஜூல். எங்கள் நான்கு பேர் வயிற்றுக்குள் ஒரு நாளில் போகும் உணவின் சக்தியே ஏறத்தாழ 35 மெகாஜூல்தான். உண்பதில் பாதியளவை உண்பதற்கு முன் அடுப்பிலேயே எரித்துவிடுகிறோம். பருப்புக்குத் தனியாகப் பார்த்தேன். கால் கிலோ பருப்பை அவித்துத் தாளித்து இறக்க ஐம்பது கிராம் எரிவாயு; இரண்டு மெகாஜூலுக்கு மேல். அதே கால் கிலோ தென் அவுஸ்திரேலியாவிலிருந்து சமுத்திரம் தாண்டி வந்ததற்கு ஆனது அதில் எட்டில் ஒன்று. எட்டாயிரம் கிலோமீற்றரைத் திட்டிக்கொண்டிருந்தவன் எட்டடி தூரத்தில் எரிந்ததைப் பார்க்கவில்லை.

இது எங்கள் வீட்டுக் கோளாறு மட்டும் அல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெல்லரும் கியோலியனும் 2000ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு முறையைக் கணக்கிட்டபோது, உண்ணும் ஒரு பங்கு சக்திக்கு ஏழு பங்குக்கு மேல் எரிக்கப்படுவதாக வந்தது. அதில் பண்ணையின் பங்கு ஐந்தில் ஒன்றை ஒட்டி. வீட்டுக் குளிரூட்டலும் சமையலும் மூன்றில் ஒன்றை ஒட்டி. உலக அளவில், உணவுக்காகும் சக்தியில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் பண்ணையின் படலையைத் தாண்டியபின்தான் செலவாகிறது என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2011இல் எழுதியது. இதையெல்லாம் நான் கதவுக்குப் பிறகுதான் தேடி வாசித்தேன். முதலில் வாசித்திருந்தால் தலையாட்டிவிட்டுக் கடந்து போயிருப்பேன்.

கம்பளிக்குள் ஒரு பானை

கதவில் மிக நீண்ட இடைவெளி 51 நாள். ஆண்டைப் பார்க்கத் தேவையே இல்லை. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860. அந்த விலைக்கும் கிடைக்காது. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் கோத்து வீதியோரம் வரிசையில் விட்டுவிட்டு, உரியவர்கள் நிழலில் குந்தியிருந்த நாட்கள் அவை. மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. தரைவீடு இருந்தவர்கள் முற்றத்தில் கல் கூட்டி விறகு வைத்தார்கள். நான்காம் மாடியில் எங்கே வைப்பது?

அப்போது ஒரு நாள் மாலை நான் வீட்டுக்கு வந்தபோது, கட்டிலில் பழைய நரைக் கம்பளி ஒன்று மனிதர் தலையை மூடிப் படுத்திருப்பதுபோலக் குவிந்திருந்தது. தொட்டால் சூடு. பிரித்தால் அப்பாவின் இரண்டு பழைய சாரம், அதற்குள் ஒரு துவாய், அதற்குள் மூடியைத் துணியால் கட்டிய பருப்புச் சட்டி. பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டு, இறக்கி, உடனே பொதிந்து வைத்துவிட்டால் மீதியைச் சட்டியின் சூடே பார்த்துக்கொள்ளும் என்றார் அம்மா. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பிரித்தபோது ஆவி கண்ணாடியில் படிந்தது. பருப்பு குழைந்து, ஆனால் ஒவ்வொரு பருப்பும் தன் உருவம் கலையாமல் இருந்தது. அடுப்பில் வைத்தால் அடிப்பிடிக்காமல் இப்படி வரவே வராது. அன்றைக்கு நான் அதைப் பஞ்சத்து ஏற்பாடு என்று மட்டுமே எண்ணினேன். இறக்குமதிப் பருப்பு, கடல் கடந்த எரிவாயு, நடுவில் ஒரு சாரம். நாளுக்குப் பதினேழரை மெகாஜூலைப் பதினொன்றேகாலுக்குக் கொண்டுவந்தது அந்தச் சாரம்தான். நாட்டில் எந்த அமைச்சரும் அந்த ஆண்டில் அப்படியொரு குறைப்பைச் செய்து காட்டவில்லை.

இங்கே நிறுத்தினால் இது "அந்தக் காலத்து அம்மாமார்" பற்றிய கட்டுரையாகிவிடும், எனக்கு அந்த வகை ஒவ்வாது. ஏனென்றால் அந்தக் காலத்தையும் கணக்குப் பார்த்தேன்.

ஊர்க் குசினியின் பசி

ஊரில் எங்கள் குசினி மண் அடுப்பு. எரிபொருள் வாங்கியதே இல்லை. பனை மட்டை, கொக்கறை, பன்னாடை, தென்னம்பாளை, பொச்சுமட்டை, சிரட்டை, பனங்கொட்டைக்குள்ளிருக்கும் பூரான் என்னும் பருப்பை எடுத்தபின் எஞ்சும் ஊமல். எதுவும் வீணில்லை என்று நானே எத்தனை பேருக்குப் பெருமை பேசியிருப்பேன். ஆறு பேர் கொண்ட வீட்டுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோ என்று வைத்தாலும், கிலோவுக்கு 15 மெகாஜூல். எண்பது தொண்ணூறு மெகாஜூல் வந்து நிற்கிறது. இன்றைய எரிவாயுச் செலவைப் போல ஐந்து மடங்கு! திறந்த விறகடுப்பு தரும் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே பானைக்குப் போகிறது. மீதி கூரைக்கும் அம்மாவின் நெஞ்சுக்கும். அம்மாவின் இருமல் கொழும்புக்கு வந்து மூன்றாவது வருடம்தான் நின்றது. அந்தக் குசினி சிக்கனமான குசினி அல்ல. காசு கேட்காத குசினி, அவ்வளவே. 2012 குடிசன மதிப்பீட்டின்போதுகூட இந்த நாட்டு வீடுகளில் நான்கில் மூன்றுக்கு மேல் விறகில்தான் சமைத்தன. கொழும்பிலிருந்து கட்டுரை எழுதுகிற எங்களுக்குத்தான் அது பழங்கதை.

நெருப்பின் பசி வயலுக்கும் மூத்தது. கொழும்பிலிருந்து ஒரு பகல் பயணத்தில், புலத்சிங்களவுக்கு அருகே பாஹியன்கல குகை இருக்கிறது. நாற்பத்தைந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குரங்கும் அணிலும் வேட்டையாடி அங்கே தின்றிருக்கிறார்கள். உழவில்லை, உரமில்லை, லொறியில்லை. ஆனால் எரிந்த எலும்பு இருக்கிறது. உணவுக்குச் சக்தி செலவழிப்பதை மனிதன் வயலில் தொடங்கவில்லை.

தோட்டத்திலும் இதே கதைதான். கிணற்றுத் துலா மிதித்துத் தண்ணீர் இறைப்பதைப் பற்றி எங்கள் ஊரவர்கள் வெளிநாட்டில் கண்ணீர் மல்கப் பேசுவார்கள். மேலே ஒருவர் துலாவில் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் பட்டையைக் கவிழ்க்க, விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கும் இறைப்பு. ஒரு மனிதன் நாள் முழுக்க முறிந்து உழைத்தால் தருவது மின்பட்டியலின் பாஷையில் அரை அலகுக்குச் சற்று மேல். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஊற்றிய சின்னப் பம்பி இரண்டு பேரின் நாள் வேலையைச் செய்துவிட்டு ஓய்ந்துவிடும். மண்ணெண்ணெய் இல்லாத அந்த ஆண்டுகளில் அப்பா மறுபடியும் துலாவில் ஏறினார். நாற்பத்தாறு வயது. ஒரு போகத்துக்குப் பிறகு முழங்கால் வீங்கி இறங்கிவிட்டார், பாதித் தோட்டம் தரிசானது. பம்பி வந்தபின் கிணறுகள் அளவுக்கு மீறி இறைக்கப்பட்டதும், யூரியா வந்தபின் தண்ணீரில் நைத்திரேற்று ஏறியதும் உண்மை. அதற்காகத் துலாவுக்குத் திரும்பலாம் என்று சொல்கிறவரை ஒரு காலை மட்டும் அதில் ஏற்றிவிட வேண்டும் என்பது என் ஆசை.

கொப்பியில் இப்போது கடைசித் தலைப்பு மின்சாரம். அக்கா மகள் சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் சின்ன மீற்றர் ஒன்றைக் கொடுத்திருந்தாள். குளிர்சாதனப் பெட்டி நாளுக்கு ஓர் அலகைச் சற்றுத் தாண்டுகிறது. அந்த ஓர் அலகு நுரைச்சோலை மின்நிலையத்தில் நிலக்கரியிலிருந்து வந்திருந்தால் அங்கே அதைப்போல மூன்று மடங்கு வெப்பம் எரிந்திருக்கும். சோற்றுக் குக்கர்தான் வேடிக்கை. இரண்டு வேளை சோறாக்க அரை அலகு. பிறகு சோறு ஆறாமல் இருக்க அந்த மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதே, காலையிலிருந்து இரவுவரை, அதற்கும் அரை அலகு. பருப்பைக் கம்பளியில் பொதிந்த அதே அம்மாதான் அந்த மஞ்சள் விளக்கை அணைய விடாதவரும். நான் அணைத்தால் ஐந்து நிமிடத்தில் திரும்ப எரிகிறது. "பிள்ளை ரியூசனால் ஒன்பதரைக்குத்தான் வருவான், ஆறின சோற்றையா தின்பான்?" கம்பளியைப் பற்றிக் கேட்டேன். அது அக்கா வீட்டு நாய்க்குப் படுக்கையாகப் போய் ஒரு வருடம் ஆகிறதாம். கதவிலும் 2023க்குப் பிறகு 34, 32, 33.

இந்தக் கதையெல்லாம் கேட்ட அக்கா மகள், தன் இறுதியாண்டு ஆய்வறிக்கையில் அந்தக் கதவின் படத்தைப் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு சனிக்கிழமை கமராவும் கையுமாக வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை நான் அலுவலகத்தால் வந்தபோது சமையலறை முழுக்கச் சவர்க்கார வாசம். வருகிற பிள்ளை அழுக்குக் கதவையா படம் எடுத்துப் பல்கலைக்கழகத்துக்குக் காட்டுவது என்று, அம்மா கம்பிப் பஞ்சு வைத்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். பலகை வெளுத்துப் பளபளத்தது. அன்று மத்தியானம்தான் சிலிண்டரும் முடிந்ததாம். மேல் மூலையில், ஈரம் சரியாகக் காயாத இடத்தில், பென்சில் சற்று வழுக்கிய எழுத்தில் ஒரேயொரு திகதி இருந்தது.